எடைக்குப் போகாத விமானங்கள்

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் ஒரு குரல் கேட்டால் போதும். வீட்டுக்கு வீடு ஒரு சின்ன யுத்தம் ஆரம்பமாகிவிடும். அடி ஓட்டையான அண்டா, கைப்பிடி கழன்ற இருப்புச்சட்டி, மூடி தொலைந்த வெண்கலப் பானை எல்லாம் பரணிலிருந்து கீழே இறங்கும். "போட்டுத் தொலைத்தால் இடமாவது மிச்சமாகும்" என்று ஒரு கட்சி. "அது என் பாட்டி கல்யாணத்துக்கு வந்த பானை. அதைப் போய் எடைக்குப் போடுவார்களா?" என்று எதிர்க்கட்சி. பேரீச்சம்பழக்காரனுக்கு இந்தச் சண்டையில் அக்கறை கிடையாது. அவனுடைய தராசு பாட்டியையும் அறியாது, கல்யாணத்தையும் அறியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இத்தனை சேர், இத்தனை பலம் என்பதுதான்.

இந்த மாதிரிச் சண்டையை ஆகாய விமானங்களுக்காகப் போட்ட ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். அவர் பெயர் டேவிட் டாலிசெட். அமெரிக்கர்; யுத்தத்தில் குண்டு வீச்சு விமானம் ஓட்டியவர்; பிறகு ஹோட்டல் வைத்துப் பணக்காரர் ஆனவர். 2007-ஆம் வருஷம் அக்டோபர் 31-ஆம் தேதி, 84-ஆவது வயதில் காலமானார். ஹோட்டலில் வந்த பணத்தில் மாளிகை கட்டியவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். குதிரைப் பந்தயத்தில் விட்டவர்களையும் கேள்விப்பட்டிருக்கிறோம். இவரோ உடைந்த போர் விமானங்களை வாங்கினார். ஒன்றல்ல, இரண்டல்ல, தம் ஆயுளில் நூற்றுக்கு மேல்.

"போர் விமானமாவது, நமக்காவது! அடுப்பில் குழம்பு கொதிக்கிறது" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் நம்மவர்களுக்கும் பங்கு இருக்கிறது. பெண்களுக்கும் பங்கு இருக்கிறது.

பாலைவனத்தில் ஒரு பழைய இரும்புக்கடை

அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்தில் கிங்மன் என்று ஒரு பாலைவனத்து ஊர். இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும் அந்த ஊர் விமான நிலையத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட போர் விமானங்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1946-ஆம் வருஷம் அத்தனையையும் சர்க்கார் மொத்தமாக ஒரே ஒப்பந்தக்காரருக்கு விற்றுவிட்டது. விலை சுமார் 27 லட்சத்து 80 ஆயிரம் டாலர். வகுத்துப் பார்த்தால் விமானம் ஒன்றுக்கு ஐந்நூறு டாலர் சொச்சம்! அவற்றில் பெரிய விமானங்கள் சிலவற்றைப் புதிதாகச் செய்ய ஒவ்வொன்றுக்கும் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் ஆகியிருந்தது. வாங்கியவர் இறக்கைகளை வெட்டினார், உலையில் போட்டார், அலுமினியக் கட்டியாக வார்த்து விற்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. யுத்தத்தை நினைக்கவே யாருக்கும் பிடிக்காத நேரம் அது. அலுமினியத்துக்கோ நல்ல கிராக்கி. குண்டு போட்ட விமானம் குண்டானாக மாறினால் நல்லதுதானே என்று நமக்கும் தோன்றும்.

ஆனால் அங்கே உருகிப்போன விமானங்களில் ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். சியாட்டில் நகரத்துப் போயிங் தொழிற்சாலையில் 'பறக்கும் கோட்டை' என்ற பி-17 விமானங்களைச் செய்தார்கள். யுத்த காலத்தில் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்கள். கணவனையும் தம்பியையும் யுத்தத்துக்கு அனுப்பிவிட்டு, தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, தகட்டில் ஆணி அறைய வந்தவர்கள். ஜப்பான் 1941-ஆம் வருஷக் கடைசியில் முத்துத் துறைமுகத்தைத் தாக்கிய பிறகு அவர்கள் செய்து முடித்த ஐயாயிரமாவது விமானம் 1944-இல் வெளியே வந்தபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அதன் உடம்பு முழுவதும் தங்கள் கையெழுத்தைப் போட்டார்கள். மூக்கிலிருந்து வால் வரை கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்களைச் சுமந்துகொண்டே அது ஐரோப்பாவில் போருக்குப் போயிற்று. பத்திரமாகத் திரும்பியும் வந்தது. சியாட்டில் நகரத்தில் அதை ஞாபகச் சின்னமாக வைக்கலாம் என்று யோசனை எழுந்தது; யோசனை யோசனையாகவே நின்றது. கடைசியில் அந்த விமானமும் கிங்மனுக்குப் போய், அத்தனை பெண்களின் பெயர்களோடும் உலைக்குள் இறங்கிற்று.

பாட்டி பெயர் பொறித்த பானையை எடைக்குப் போட்ட கதைதான் இது.

விமானத்தைச் செய்ததோடு பெண்கள் நிற்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து விமானத் தளங்களுக்கு அவற்றை ஓட்டிச் சென்று சேர்க்கவும் ஒரு மகளிர் விமானப் படை இருந்தது. பயிற்சி முடித்துச் சிறகுச் சின்னம் பெற்ற பெண்கள் 1,074 பேர். பி-17 மாதிரிப் பெரிய விமானங்களையும் அவர்கள் ஓட்டினார்கள். 38 பேர் உயிரை விட்டார்கள். ஆனாலும் அவர்கள் ராணுவத்தினர் அல்ல என்று சர்க்கார் சொல்லிவிட்டது. இறந்தவளின் உடலை ஊருக்கு அனுப்பும் செலவுக்குக்கூடத் தோழிகளும் குடும்பத்தாரும்தான் பணம் போட வேண்டியிருந்தது. 1977-இல்தான் அவர்களையும் போர் வீரர்களாக ஒப்புக்கொண்டார்கள். பதக்கம் வந்து சேர்ந்தது 2010-இல். பாதிப்பேருக்கு மேல் அதைக் கையில் வாங்கிப் பார்க்க உயிரோடு இல்லை.

பத்துப் பேர் போகும் கோட்டை

டாலிசெட் 1922-ஆம் வருஷம் டிசம்பர் 20-ஆம் தேதி டெக்ஸாஸ் மாகாணத்து டல்லாஸ் நகரில் பிறந்தார். யுத்தம் வந்தபோது வாலிப வயது. விமானப் படையில் சேர்ந்து, இங்கிலாந்தில் இருந்த 100-ஆவது குண்டு வீச்சுப் படைக்குப் போனார். இங்கிலாந்தின் கிழக்கே தார்ப் அபட்ஸ் என்ற கிராமத்துப் பக்கம் அந்தப் படையின் விமானத் தளம். அங்கிருந்து பி-17 விமானத்தில் ஜெர்மனியின் மேல் இருபது தடவைக்கு மேல் போய் வந்தார்.

'போய் வந்தார்' என்று நான் எழுதுகிற இரண்டு வார்த்தைகளில் முதலாவது சுலபம், இரண்டாவதுதான் கஷ்டம். அந்தப் படைக்கு 'ரத்தம் சிந்திய நூறு' என்றே பட்டப்பெயர். 1943-ஆம் வருஷம் அக்டோபர் 10-ஆம் தேதி மூன்ஸ்டர் நகரத்துக்கு இந்தப் படையிலிருந்து போன 13 விமானங்களில் ஒன்றே ஒன்றுதான் தளத்துக்குத் திரும்பியது. ஒரு விமானத்துக்குப் பத்துப் பேர் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் நூற்றுமுப்பது பேர் சாப்பிட்ட கூடத்தில் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர்கள் பத்துப் பேர். இந்தப் படையைப் பற்றி 2024-இல் அமெரிக்காவில் ஒரு டெலிவிஷன் தொடரே வந்தது.

'பறக்கும் கோட்டை' என்றால் உள்ளே சௌகரியமாக இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. இன்றைக்கு நாம் பிரயாணம் செய்கிற விமானங்களில் காற்றை அடைத்து, இதமாக வைத்திருக்கிறார்கள். அந்த விமானத்தில் அதெல்லாம் இல்லை. இருபத்தையாயிரம் அடி உயரத்தில் வெளியே என்ன குளிரோ அதே குளிர்தான் உள்ளேயும். உறைநிலைக்குக் கீழே நாற்பது டிகிரி! மின்சாரக் கம்பி ஓடுகிற உடுப்பை மாட்டிக்கொண்டு, மூக்கில் பிராணவாயுக் குழாயைப் பொருத்திக்கொண்டு, ஆறு மணி, எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். வெறுங்கையால் துப்பாக்கியைத் தொட்டால் தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இதற்கு மேல் எதிரியின் குண்டு. இப்படி ஐரோப்பாவில் சண்டையிட்ட அமெரிக்காவின் 8-ஆவது விமானப் படையில் மட்டும் இறந்தவர்கள் 26,000 பேருக்கு மேல்.

அதில் பிழைத்து வந்தவர் டாலிசெட். அப்படி வந்தவர்களில் பலர் யுத்தத்தைப் பற்றி வீட்டில் வாயே திறக்கமாட்டார்கள். டாலிசெட்டின் சுபாவம் வேறு. அவர் அந்த விமானத்தையே திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார்.

வேஷம் கட்டிய ஹோட்டல்கள்

அதற்குப் பணம் வேண்டாமா? ஹோட்டல் தொழிலில் நுழைந்து அனுபவம் பெற்ற டாலிசெட், 1958-ஆம் வருஷம் கலிபோர்னியாவில் லாங் பீச் என்ற கடற்கரை நகரத்தில் ஜார்ஜ் மில்லே என்பவரோடு சேர்ந்து 'ரீஃப்' என்று ஒரு சாப்பாட்டு ஹோட்டல் திறந்தார். (இந்த மில்லேதான் பிற்பாடு திமிங்கிலமும் டால்பினும் வித்தை காட்டும் 'ஸீ வேர்ல்ட்' பூங்காவை ஸ்தாபித்தவர்களில் ஒருவர்.) 'ரீஃப்' ஹோட்டலுக்குள் நுழைந்தால் பசிபிக் மகா சமுத்திரத்தில் ஏதோ ஒரு தீவுக்குப் போய்விட்ட மாதிரி இருக்கும். சாப்பாடு வாய்க்கு, தீவு கண்ணுக்கு. ஜனங்கள் வந்து குவிந்தார்கள்.

இப்போது நம் ஊரிலும் கிராமத்து வீடு மாதிரி திண்ணை வைத்து, ரயில் பெட்டி மாதிரி ஜன்னல் வைத்து ஹோட்டல்கள் வந்துவிட்டனவே, அந்த 'வேஷம் கட்டிய' ஹோட்டல்களுக்குத் தகப்பனார் என்று அமெரிக்காவில் பலர் டாலிசெட்டைத்தான் சொல்கிறார்கள். ஒரு ஹோட்டல் பலவாகி, பல நகரங்களுக்கும் பரவிற்று. அவற்றுள் அவருடைய மனத்தைத் திறந்து காட்டியவை, விமான நிலையங்களை ஒட்டி அவர் கட்டிய ஹோட்டல்கள்.

'94-ஆவது விமானப் படை' என்பது ஒரு ஹோட்டலின் பெயர். முதல் உலக யுத்தத்தில் புகழ் பெற்ற அமெரிக்கப் படைப்பிரிவு அது. அந்தப் பெயரில் பல ஊர்களில் ஹோட்டல் திறந்தார். வெளியே பார்த்தால் குண்டு விழுந்து பாதி இடிந்த பிரெஞ்சு தேசத்துப் பண்ணை வீடு. வாசலில் மணல் மூட்டைகள். பக்கத்தில் ஒரு பழைய விமானம். உள்ளே மேஜைக்கு மேஜை காதில் மாட்டிக்கொள்ளும் கருவி. அதை மாட்டிக்கொண்டால் விமான நிலையக் கோபுரத்திலிருப்பவர்கள் விமானிகளோடு பேசுகிற பேச்சு கேட்கும். ஜன்னலுக்கு வெளியே அதே விமானம் இறங்குவதையும் பார்க்கலாம். குழந்தைகள் சாப்பிட மறந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஆச்சரியமில்லை. கிளீவ்லண்ட் நகரத்து ஹோட்டலுக்குத் தம்முடைய '100-ஆவது குண்டு வீச்சுப் படை' என்றே பெயர் வைத்தார். லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 'பெருமைமிகு பறவை' என்ற பொருளில் 'ப்ரௌட் பேர்ட்' என்று ஒன்று. அங்கே பழைய போர் வீரர்கள் கூடுவது வழக்கமாயிற்று. நிற வேற்றுமையைத் தாண்டி அந்த யுத்தத்தில் விமானம் ஓட்டிய டஸ்கீகீ நீக்ரோ விமானிகளின் சங்கத்தார் (அந்தக் காலத்தில் அவர்களை அப்படித்தான் அழைத்தார்கள், இன்று கறுப்பினத்தவர் என்பதே மரியாதை) அங்கேதான் சந்தித்துக்கொள்வார்கள்.

பனிப் பள்ளத்தாக்கில் முப்பது வருஷம்

பழைய விமானம் சேர்ப்பது பழைய தபால் தலை சேர்ப்பது போல அல்ல. தேடிப் போக வேண்டும். கிடைத்ததைக் கழற்ற வேண்டும். கடல் தாண்டிக் கொண்டுவர வேண்டும். பிறகு வருஷக் கணக்கில் ரிப்பேர். இதற்கென்றே 'ராணுவ விமானச் சீரமைப்புக் கம்பெனி' என்று ஒரு கம்பெனியை டாலிசெட் ஏற்படுத்தினார்.

கனடா தேசத்தின் வடமேற்கே ஒரு பனிப் பள்ளத்தாக்கு. 1942-ஆம் வருஷம் ஜனவரி மாதம், அலாஸ்காவுக்குப் புறப்பட்ட பி-26 என்ற குண்டு வீச்சு விமானங்களில் மூன்று வழி தவறிவிட்டன. பெட்ரோல் தீர்ந்துகொண்டு வந்தது. கீழே எங்கு பார்த்தாலும் பனி. வேறு வழியில்லாமல் மூன்றும் அந்தப் பள்ளத்தாக்கிலேயே இறங்கின. தெய்வாதீனமாக எல்லோரும் பிழைத்தார்கள். அந்தப் பிரதேசத்தை நன்கு அறிந்த ஒரு விமானி சின்ன விமானத்தில் வந்து அவர்களை மீட்டுப் போனார். மனிதர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். விமானங்கள் அங்கேயே நின்றன. அத்தனை பணம் பனியில் கிடக்கிறதே என்று ஜனங்கள் அந்த இடத்துக்குப் 'பத்து லட்சம் டாலர் பள்ளத்தாக்கு' என்று பெயர் வைத்தார்கள்.

இந்த பி-26 விமானத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஆரம்பத்தில் அதை ஓட்டப் பழகும்போதே பல விமானிகள் இறந்துபோனதால், 'தாலியறுப்பான்' என்கிற பொருள் வருகிற மாதிரி ஒரு பெயரை அதற்குச் சூட்டினார்கள். கேட்கவே கூசுகிறது. ஆனால் வீட்டில் காத்திருந்தவளையும் நினைத்துத்தான் அந்தப் பெயர் பிறந்திருக்கிறது. அந்த விமானங்கள் ஐயாயிரத்துக்கு மேல் செய்தார்கள். யுத்தம் முடிந்ததும் அநேகமாக எல்லாம் உலைக்குப் போயின.

1971-இல் டாலிசெட்டின் ஆட்கள் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய் மூன்றையும் கழற்றிக் கொண்டுவந்தார்கள். அதில் ஒன்று மறுபடி பறந்தது எப்போது தெரியுமா? 1992-இல்! பனியில் கிடந்தது சுமார் முப்பது வருஷம்; ரிப்பேரில் கிடந்தது இருபத்தொரு வருஷம்.

இதில் டாலிசெட்டின் குறையும் தெரிகிறது. ஆசைக்கு இருந்த கை வேலைக்கு இல்லை. கொண்டுவந்தவற்றில் பல விமானங்கள் வருஷக் கணக்கில் இறக்கை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கமாகக் கிடந்தன. பரணை நிரப்புவது சுலபம், பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதுதான் கஷ்டம் என்பது நமக்குத் தெரியாததா? ஆனாலும் பாகங்களாகக் கிடந்ததை என்றைக்காவது ஒருவர் பூட்டலாம். உலையில் உருகியதை யாரும் பூட்ட முடியாது.

பெங்களூரில் பிழைத்தவை

இனி நம் நாட்டுப் பங்கு.

யுத்தம் முடிந்ததும் கான்பூரில் 'லிபரேட்டர்' என்ற நான்கு எஞ்சின் குண்டு வீச்சு விமானங்கள் ஏறக்குறைய நூறு கைவிடப்பட்டுக் கிடந்தன. அமெரிக்கா கடனாகக் கொடுத்தவை அவை. ஒப்பந்தப்படி, திருப்பிக் கொடுக்க வேண்டும். இல்லையேல் யாருக்கும் உதவாமல் செய்ய வேண்டும். ஆகவே விட்டுப் போனவர்கள் கருவிகளை உடைத்து, உடம்பைக் குத்திக் கிழித்து, எஞ்சினுக்குள் மணலைக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

சுதந்திரம் வந்தது. நம் விமானப் படையில் பெரிய குண்டு வீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. புதிதாக வாங்கப் பணமும் இல்லை. பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்காரர்கள் அந்தக் குப்பையைப் போய்ப் பார்த்தார்கள். ஒன்றிலிருந்து கருவி, இன்னொன்றிலிருந்து சக்கரம் என்று பொறுக்கி, பறக்கும் அளவுக்கு மட்டும் அங்கேயே சரி செய்தார்கள். ஜம்ஷெட் முன்ஷி என்ற தொழிற்சாலை விமானி அவற்றைக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பிரயாணத்துக்கு எத்தனை தைரியம் வேண்டும்! பெங்களூரில் முழு ரிப்பேர் நடந்தது. 1948-ஆம் வருஷம் நவம்பரில் லிபரேட்டர்களோடு 5-ஆவது படைப்பிரிவு உதயமாயிற்று. நாற்பதுக்கு மேற்பட்ட விமானங்கள் இப்படிப் பிழைத்தன. அவற்றில் கடைசியாக இருந்தவை 1968-ஆம் வருஷக் கடைசி வரை நம் நாட்டுக் கடல்களின் மேல் காவல் பறந்தன.

அதற்குள் வெளிநாடுகளில் லிபரேட்டர் அருகிப்போயிருந்தது. பதினெட்டாயிரத்துக்கு மேல் செய்யப்பட்ட விமானம்; அருங்காட்சிச் சாலையில் வைக்க ஒன்று அகப்படவில்லை! கனடாக்காரர்கள் வந்து நம்மிடம் ஒன்று வாங்கிப் போனார்கள். இங்கிலாந்துக்காரர்களும் வந்தார்கள். டாலிசெட்டும் வந்தார். நம் விமானப் படையில் ஹெச்.இ. 771 என்று எண் போட்டிருந்த லிபரேட்டரை 1973-இல் வாங்கினார். ஏறத்தாழ முப்பது வயதான அந்த விமானம் கப்பலில் ஏறாமல், தன் இறக்கையாலேயே இங்கிலாந்து வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அது இப்போது ப்ளோரிடா மாகாணத்தில் இருக்கிறது. இன்றைக்கு உலகத்தில் மிஞ்சியிருக்கிற சில லிபரேட்டர்களில் ஐந்தாறு, பெங்களூர் மெக்கானிக்குகளின் ஸ்பானர் பட்டுப் பிழைத்தவை. அந்த மெக்கானிக்குகளின் பெயர்களை யாரும் எங்கும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்குச் சாட்சி அந்த விமானங்கள்தான்.

ஒரு காதலியின் பெயர்

யுத்தத்தில் பி-17 விமானம் ஒன்றை ஓட்டிய ராபர்ட் மார்கன் என்பவர், மெம்பிஸ் நகரத்தில் இருந்த தம் காதலி மார்கரெட் போல்க் ஞாபகமாக அதற்கு 'மெம்பிஸ் அழகி' என்று பெயர் வைத்தார். 1943-ஆம் வருஷம் மே மாதம் 25 தாக்குதல்களை முடித்துக்கொண்டு அந்த விமானம் ஊர் திரும்பிற்று. பிரபல டைரக்டர் வில்லியம் வைலர் அதைப் பற்றி எடுத்த செய்திப்படம் 1944-இல் வெளியாயிற்று. கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. நிச்சயம் முறிந்து, மார்கன் வேறொருத்தியை மணந்தார். விமானமும் பழைய சாமான் கிடங்குக்குப் போய்விட்டது. 1946-இல் மெம்பிஸ் நகர மேயர் 350 டாலர் கொடுத்து அதை மீட்டார். பல வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்று, இப்போது ஒஹையோ மாகாணத்து அமெரிக்க விமானப் படை மியூஸியத்தில் புதுப்பொலிவோடு 2018 முதல் காட்சிக்கு இருக்கிறது.

வைலரின் மகள் காதரீன் வைலர், தகப்பனார் சொன்ன கதையை மறுபடி சொல்ல ஆசைப்பட்டு, டேவிட் புட்னமோடு சேர்ந்து அதே பெயரில் ஒரு சினிமாவைத் தயாரித்தார். அது 1990-இல் வெளிவந்தது. படப்பிடிப்புக்குப் பறக்கக்கூடிய பி-17கள் வேண்டும். பன்னிரண்டாயிரத்து எழுநூறு செய்யப்பட்ட விமானத்தில், உலகம் முழுவதும் தேடி ஐந்தைத்தான் சேர்க்க முடிந்தது. அவற்றில் ஒன்று டாலிசெட்டுடையது. 1989-இல், 66-ஆவது வயதில், அவரே அதை அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேல் ஓட்டிக்கொண்டு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். வாலிப வயதில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு புறப்பட்ட அதே ஆகாயத்தில், சினிமாவுக்காக, யாரும் சுடாத ஒரு நாளில் பறந்தார். அப்போது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

வைத்திருக்கத்தான் வேண்டுமா?

இத்தனையும் படித்தபின் உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. "குண்டு போட்ட யந்திரங்களை எதற்காகப் பூஜிக்க வேண்டும்? அந்தக் குண்டு யார் தலையில் விழுந்தது?"

ஆம், கீழே ஊர்கள் இருந்தன. சமையலறைகள் இருந்தன. தொட்டில்கள் இருந்தன. மூன்ஸ்டர் நகரத்தில் அந்த அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை குறி வைக்கப்பட்டது நகரத்தின் நடுப்பகுதியே. மேலே இறந்த பையன்களுக்காக அழுத தாயும், கீழே இறந்த குழந்தைக்காக அழுத தாயும் ஒரே மாதிரிதான் அழுதிருப்பார்கள். விமானத்தைப் பளபளவென்று துடைத்து வைத்து, இதைச் சொல்லாமல் விடுகிற மியூஸியம் பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

இன்னொரு ஆட்சேபமும் உண்டு. பழசைப் பறக்கவிடுவது ஆபத்து. 2019-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி கனெக்டிகட் மாகாணத்தில், பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு போன ஒரு பி-17 விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். 2022 நவம்பர் 12-ஆம் தேதி நடந்த விமானக் காட்சியில் மற்றொரு பி-17 வேறு ஒரு பழைய விமானத்தோடு மோதி ஆறு பேர் மாண்டார்கள். அது நடந்தது டாலிசெட் பிறந்த அதே டல்லாஸ் நகரில். யுத்தம் முடிந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆனபின்னும் அந்த விமானம் உயிர் வாங்கிற்றே என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. பறந்தால்தான் விமானம் என்பது டாலிசெட் போன்றவர்களின் கொள்கை. மிஞ்சியிருப்பவற்றை விரல் விட்டு எண்ணக்கூடிய இந்தக் காலத்தில், பத்திரமாகத் தரையில் நிறுத்தி வைப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் உருக்கிவிடலாம் என்பதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். 26,000 என்று அச்சில் பார்த்தால் அது வெறும் எண். அந்த விமானத்தின் உள்ளே போய், நிமிர முடியாத இடுக்கில் நின்று, சோடா பாட்டில் கனம்கூட இல்லாத தகடு ஒன்றுதான் அந்தப் பையனுக்கும் எதிரியின் குண்டுக்கும் நடுவே இருந்தது என்று கையால் தொட்டுப் பார்த்தால், எண் மனிதனாகிவிடுகிறது. யுத்தம் எப்படிப்பட்டது என்று வீரப் பேச்சுப் பேசுகிறவர்களுக்குச் சொல்ல, அந்தத் தகட்டைவிட நல்ல உபாத்தியாயர் இல்லை.

டாலிசெட் போனபின் அவர் சேர்த்தவை பல கைகளுக்குப் போயின. உயிரோடு இருக்கும்போதே சிலவற்றை விற்றும் கொடுத்தும் இருந்தார். அந்தப் பள்ளத்தாக்கு விமானங்களில் ஒன்று ஒஹையோவில் ஒரு மியூஸியத்தில் இருக்கிறது. அங்கே சம்பளம் வாங்காத தொண்டர்கள் அதை ஒவ்வொரு தகடாகச் செப்பனிட்டு வந்திருக்கிறார்கள். சினிமாவுக்குப் போன பி-17, 'மெம்பிஸ் அழகி' வேஷத்தைக் கலைக்காமலே பல வருஷம் ஊர் ஊராகப் பறந்தது. 'ப்ரௌட் பேர்ட்' ஹோட்டலை 2013-இல் மூடப் போவதாகச் சொன்னார்கள், மூடவில்லை. 2017-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். அதன் தோட்டத்தில் விமானங்கள் நிற்கின்றன.

அமெரிக்கா வரை போக நம்மால் ஆகாது. டில்லிக்குப் போகிறவர்கள் உண்டு. குழந்தைகளுக்குக் குதுப் மினாரைக் காட்டுகிற கையோடு, பாலம் விமானப் படை மியூஸியத்துக்கும் அழைத்துப் போங்கள். அங்கே நாலு எஞ்சினோடு, இரட்டை வாலோடு ஒரு பெரிய விமானம் நிற்கும். எண் ஹெச்.இ. 924. எவரோ மணலைக் கொட்டிக் கொன்றதை, பெங்களூரில் எவரோ கழுவித் துடைத்துப் பிழைக்க வைத்தார்கள் என்று குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். எடை என்ன என்று அவர்கள் கேட்டால், காலியாக இருக்கும்போதே பதினாறு டன்னுக்கு மேல் என்று பதில் சொல்லலாம்.